முறைக்காரர் வீட்டுத் துப்பாக்கி

அத்தியாயம் 11

துப்பாக்கிக்கு நம்பர் உண்டு என்பது ஜெயப்பிரகாஷுக்கு அந்தப் புதன்கிழமை காலையில்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருஷமாக அதோடு ஒரே வீட்டில் இருக்கிறான்.

"நாலு, நாலு, சைபர், ஆறு." லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள் சத்யா. "இப்ப நீ படி."

அவன் ஈரத்துணியால் குழலின் அடியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தான். குங்குமமும் சேர்ந்து வந்தது. கீழே இரும்பில் வெட்டிய எண்கள்.

"ஏழு, ஒண்ணு, ஒம்போது, மூணு."

"மறுபடி படி."

"எத்தினி தடவை படிச்சாலும் அதேதான்க்கா இருக்கு."

"தலைகீழாப் புடிச்சிகினு படிக்கிறியாடா?" சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள் ராஜாம்பாள்.

"தலைகீழாப் படிச்சா மட்டும் நாலு ஏழாயிடுமாம்மா?"

ராஜாம்பாள் சாம்பார் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் சாம்பாரே இல்லை. இட்லிப் பானைதான் இருந்தது.

அப்பா சிங்காரவேல் போய் நாற்பத்திரண்டு நாள். இரண்டாவது ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வந்தவர், மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் ஓரம் நிலக்கரித் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷுக்கு, அப்பா போன வகையில் பெர்மனென்ட் வேலை வரப்போகிறது. எல்லாக் காகிதமும் முடிந்துவிட்டது. போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் போன வாரம் சிக்கியது. வெரிஃபிகேஷனுக்காகப் பேரைத் தேடிய ஸ்டேஷன் ரைட்டர் வேலுமணி, அதே முகவரியில் ஒரு துப்பாக்கி லைசென்ஸும் இருப்பதைப் பார்த்துவிட்டார். லைசென்ஸ்காரர் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் துப்பாக்கி வீட்டு பீரோவில்.

"புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள துப்பாக்கியும் புத்தகமும் என் மேஜைக்கு வந்துடணும் தம்பி. துக்க வீடுன்னு இத்தனை நாள் தாமதத்தை எழுதிக்கிறேன். வரலைன்னா வியாழக்கிழமை காலைல ஒன் வெரிஃபிகேஷன் பேப்பரோட கேஸும் சேர்ந்துதான் போவும்."

கேஸ் உள்ளவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வேலை இல்லையென்றால் இந்தப் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸும் இல்லை.

அந்தப் புதன்கிழமை இதுதான். மணி எட்டு பத்து.

வேறு யாராவது இருந்தால் நம்பரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சத்யாவுக்குப் பண்ருட்டியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குப்பியில் ஒரு நம்பரும் சீட்டில் ஒரு நம்பரும் இருந்தால், ஊசி குத்திய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி குத்துகிறவள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவள் கேட்டது, "நம்பர் ஒத்துப் போவுதா பாத்தியாடா?"

"அம்மா," என்றாள் சத்யா. "இங்க வா. ஒனக்கு ஏதோ தெரியும்."

ராஜாம்பாள் வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். இரண்டு பிள்ளைகளையும் பார்க்காமல் துப்பாக்கியைப் பார்த்துச் சொன்னாள்.

"அது ஒங்க அப்பாது இல்ல. ஒங்க சித்தப்பாது."

"எது?"

"இதுதான்."

"அப்ப அப்பாது?"

"சித்தப்பா வூட்டுல இருக்கு."

ஜெயப்பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மஞ்சள் துணி சுற்றிய அந்த இரட்டைக் குழலை அவன் சின்ன வயதிலிருந்தே அப்பாவின் துப்பாக்கி என்றுதான் நினைத்திருந்தான். சேத்தியாத்தோப்பு பக்கத்து ஊரில், குடும்பத்தின் பச்சைவாழியம்மன் கோயிலில், மாசித் திருவிழாவுக்கு அம்மன் வேட்டைக்குப் புறப்படும்போது ஒரு வேட்டு போட வேண்டும். அது கேட்டால்தான் ஊர்வலம் நகரும். தோட்டாவைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது ஏழு வயதிலிருந்து ஜெயப்பிரகாஷின் வேலை. என்றைக்காவது ஒருநாள் விசை தன் விரலுக்கு வரும் என்று காத்திருப்பவன்.

"ஒங்க தாத்தா ரெண்டு துப்பாக்கி வச்சிருந்தாரு," என்றாள் ராஜாம்பாள். "நெலம், நகை, துப்பாக்கி எல்லாத்தையும் அம்மன் பேருக்கு டிரஸ்ட்டுன்னு பத்திரம் எழுதிட்டாரு. புள்ளைங்க ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒருத்தரா முறை நடத்தணும். எவன் முறையோ அவன் வூட்டுலதான் வேட்டுத் துப்பாக்கி இருக்கணும்."

"வேட்டுத் துப்பாக்கி எது?"

"இதுதான். லைசென்ஸ் வாங்கும்போது இது சித்தப்பா பேர்ல போச்சு. இன்னொண்ணு ஒங்க அப்பா பேர்ல."

"அப்பா முறை வந்தா?"

"இது இங்க வரும். அது அங்க போவும். மாசி முடிஞ்ச மக்யா நாள், விடிஞ்சதும், ரெண்டு பேரும் அம்மன் முன்னாடி வச்சி மாத்திக்குவாங்க. எலெக்ஷன் வந்து போலீசு கேட்டா மட்டும் அவசரமா திருப்பி மாத்திக்குவாங்க. இருவத்தேழு வருஷமா அப்படித்தான் நடக்குது."

"இது தப்புன்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

"பத்திரத்துல இருக்கறதத்தானடி செஞ்சாங்க!"

சத்யா ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பார்த்தாள். லைசென்ஸ் சித்தப்பா பேரில். சொத்து அம்மன் பேரில். பொருள் நம் வீட்டில். நம் லைசென்ஸுக்கு உரியது சேத்தியாத்தோப்பில். எழுதி முடித்ததும் இன்னும் குழம்பியது. காகிதத்தைக் கசக்கினாள்.

ஜெயப்பிரகாஷ் எழுந்தான். "பைக்ல போறேன். ஒரு மணி நேரம். மாத்திகினு வந்துடறேன். யாருக்கும் தெரியாது."

"எப்படிக் கொண்டு போவ?"

"கோரைப் பாய்ல சுத்திக் கட்டிக்கலாம்டா," என்றாள் ராஜாம்பாள். "கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கும்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" சத்யாவின் குரல் ஏறியது. "ஒனக்கு லைசென்ஸ் கிடையாது. வடலூர்ல வண்டிய நிறுத்தி பாயப் பிரின்னா என்ன பண்ணுவ? போறப்ப ஒரு கேஸு, வர்றப்ப ஒரு கேஸு. வெரிஃபிகேஷன் பேப்பரே தேவையில்ல, நேரா கூட்டிகினு போயிடுவாங்க."

"அப்ப என்னதான்க்கா செய்யறது?"

"உள்ளதப் போய்ச் சொல்றது."

"யார்கிட்ட?"

"ரைட்டர்கிட்ட."

தம்பி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனாலும் வண்டியைக் கிளப்பினான்.

ஸ்டேஷனில் வேலுமணி முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு.

"மறுபடி சொல்லும்மா. யார் துப்பாக்கி யார் வூட்டுல?"

சத்யா மறுபடி சொன்னாள்.

"டிரஸ்ட்டுதானே சார் ஓனர்?" ஜெயப்பிரகாஷ் குறுக்கே புகுந்தான். "டிரஸ்ட்டு பொருள் முறைக்காரர் வூட்டுல இருந்தா என்ன தப்பு?"

"தம்பி, சொத்து சாமி பேர்ல இருக்கட்டும், பூதத்து பேர்ல இருக்கட்டும். துப்பாக்கிய எந்தக் கை தொடுதோ அந்தக் கைக்கு லைசென்ஸ் வேணும். ஒங்க தாத்தா எழுதின பத்திரம் கோயில் வாசல் வரைக்கும்தான். ரோட்டுக்கு வந்தா கவர்ன்மென்ட்டு சட்டம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீயா வந்து சொன்னதால ஒரு வழி சொல்றேன். ஒங்க சித்தப்பா அவரு லைசென்ஸோட, அங்க இருக்கறத எடுத்துகினு நேரா இங்க வரட்டும். அந்தப் பக்க ஸ்டேஷனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிடறேன். ஒங்க வூட்டுல இருக்கறதையும் அவரே கையால எடுக்கட்டும். ரெண்டும் அஞ்சு மணிக்குள்ள என் மேஜைல இருந்தா, தானா வந்து ஒப்படைச்சதா எழுதிக்கிறேன்."

"வரலன்னா சார்?"

"வரலன்னா அவரு மேலயும் கேஸு. ஒங்க வூட்டு மேலயும் கேஸு. நான் என்ன பண்ண முடியும்?"

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று சித்தப்பாவுக்குப் போன் செய்தான் ஜெயப்பிரகாஷ். கருணாகரன் வயலில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"பிரகாசு, நான் மாட்டேன்னா சொல்றேன்? மாசி வரட்டும். அம்மன் வேட்டைக்குப் போயிட்டு வரட்டும். மக்யா நாளே மாத்திக்கலாம்."

"அஞ்சு மணிக்குள்ள சித்தப்பா!"

"இது ஒங்க வூட்டு முறைடா. நடுவுல வேட்டுத் துப்பாக்கி வூட்ட வுட்டுப் போனா பத்திரத்துக்கு விரோதம். எங்கப்பா கையெழுத்துப் போட்டதுக்கு நான் விரோதம் பண்ண மாட்டேன்."

"கேஸ் போடுவாங்க சித்தப்பா."

"யாரு மேல? அம்மன் மேலயா?"

"என் மேல!" கத்தினான் ஜெயப்பிரகாஷ். "என் வேலை போயிடும்."

கருணாகரன் குரல் இறங்கியது. "நீ நல்லா இருக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன். ஆனா முறைக்காரன் சொல்லாம நான் எப்படிடா எடுப்பேன்? அண்ணன்தான் போய்ச் சேந்துட்டாரே."

போன் அறுந்தது.

குவார்ட்டர்ஸ் திரும்பியபோது மணி பன்னிரண்டு. இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது. யாரும் சாப்பிடவில்லை. ஜெயப்பிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"முறைக்காரன் சொல்லாம எடுக்க மாட்டாராம்," என்றாள் சத்யா. "செத்தவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பத்திரத்த எழுத்துக் கூட்டி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்."

"பத்திரம் எங்க இருக்கு?"

அது பீரோவின் மேல்தட்டில், பூசைத் துணிகளுக்கு அடியில் இருந்தது. பதினோரு பக்கம். சத்யா தரையில் உட்கார்ந்து படித்தாள். ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல் போகும் இடமெல்லாம் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். கணவர் போன பிறகு இந்த வீட்டில் அவள் எதையும் படிக்கவில்லை. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துதான் போட்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில், பத்தாவது ஷரத்தில் சத்யாவின் விரல் நின்றது.

"அம்மா, இதப் படி."

"கண்ணு தெரியலடி."

"தெரியும். படி."

ராஜாம்பாள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். "முறை... நடத்துபவர்... அந்த வருஷத்துக்குள்... காலமானால்... மீதி நாட்களுக்கு... அவர் மனைவியே..." நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். "...அவர் மனைவியே முறை நடத்த வேண்டியது."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப முறைக்காரர் யாரு?" என்றான்.

ராஜாம்பாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புடவையைச் சரிசெய்தாள், போனில் பேசுவதற்கு.

"தம்பி, நான் முறைக்காரி பேசறேன்."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"பத்தாவது ஷரத்து. ஒனக்குத்தான் மனப்பாடமாச்சே."

ஒப்பிப்பதுபோல மெதுவாக வந்தது கருணாகரன் குரல். "முறை நடத்துபவர் அந்த வருஷத்துக்குள் காலமானால்..." முடிக்கவில்லை. "ஆமாங்க அண்ணி. அப்படித்தான் இருக்கு."

"மாசி வரைக்கும் அம்மன் பொருளுக்கு நான்தான பொறுப்பு?"

"ஆமாங்க."

"அப்ப சொல்றேன் கேளு. ஒன் லைசென்ஸையும் ஒங்க அண்ணன் துப்பாக்கியையும் எடுத்துகினு கார் வச்சிகினு வா. அஞ்சு மணிக்கு முன்னாடி."

"நீங்க சொன்னா சரிங்க அண்ணி."

அவ்வளவுதான். போனை வைத்தாள். "சாப்பிடுங்கடா ரெண்டு பேரும்," என்றாள்.

நாலு இருபத்தைந்துக்குக் கார் வந்தது. வேட்டியில் வயல் சேறு காயாமலே வந்திருந்தார் கருணாகரன். ஜெயப்பிரகாஷ் பீரோவைத் திறக்கப் போனான். ராஜாம்பாள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"லைசென்ஸ் அவன்து. அவனே எடுக்கட்டும்."

நாலு ஐம்பதுக்கு ரைட்டர் மேஜையில் இரண்டு துப்பாக்கிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி குழல். மஞ்சள் துணி சுற்றியது ஒன்று, சுற்றாதது ஒன்று.

"ஏழு ஒண்ணு ஒம்போது மூணு. கருணாகரன். சரி." வேலுமணி குறித்தார். "நாலு நாலு சைபர் ஆறு. சிங்காரவேல், லேட். சரி."

ஜெயப்பிரகாஷ் குனிந்து இரண்டு நம்பரையும் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ரெண்டும் டெபாசிட். இந்தா ரசீது. தம்பி, ஒன் பேப்பர் நாளைக்குக் காலைல போவுது. எதுவும் எழுதல, போதுமா?"

"சார்..." அவன் கும்பிட்டான்.

"கும்பிடறத ஒங்க அக்காவக் கும்பிடு. இரு, இதையும் பைல்ல சேத்துடறேன்." வேலுமணி சிங்காரவேல் பெயர் எழுதிய பைலைத் தேடினார். அதோடு கடலூரிலிருந்து விசாரணைக்கு வந்து தேங்கிக் கிடந்த தபால் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இது என்ன? சித்திரையிலேயே ஒங்க அப்பா மனு போட்டிருக்காரு."

"என்ன மனு சார்?"

"இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல லைசென்ஸ் வச்சிருக்கறவங்க, உசுரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாத்திக் கேக்கலாம். அதுக்கு மனு. போட்டோ இருக்கு, வாரிசு கையெழுத்தும் இருக்கு."

ஜெயப்பிரகாஷின் முகம் மலர்ந்தது. தான் எப்போது கையெழுத்துப் போட்டோம் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. கருணாகரன் அவன் தோளில் கை வைத்தார். "லைசென்ஸ் வந்துட்டா மாசிக்கு நீதான்டா வேட்டு போடப் போற."

வேலுமணி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"சத்யான்னு போட்டிருக்கு."

தோளில் இருந்த கை அப்படியே நின்றது.

"எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே!" என்றாள் சத்யா. மேஜையைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் போட்டோ. அவள் கையெழுத்து. தேதி, பங்குனியில் அவள் இரண்டு நாள் லீவில் வந்திருந்த தேதி. "பேங்க்ல நாமினி போடணும்னு சொன்னாரு. போட்டோ கேட்டாரு, குடுத்தேன். அஞ்சாறு எடத்துல காட்டுனாரு, போட்டேன்."

"படிக்கலியா?"

"அப்பா குடுக்கறத யாரு சார் படிப்பாங்க?"

சொல்லும்போதே அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்லாத்தையும் நம்பர் பாக்கறவ, இத மட்டும் பாக்காம போடறியே என்று அப்பா சிரித்தார். அப்போது அவளும் சிரித்தாள்.

"இது நடக்காதுங்க," என்றார் கருணாகரன். "முறை வூட்டுல ஆம்பளப் புள்ளதான் வேட்டு போடும்."

ராஜாம்பாள் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எத்தினியாவது ஷரத்து தம்பி?"

கருணாகரன் வாயைத் திறந்தார். மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டுவது முகத்திலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் சத்யா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நானே இன்னிக்குத்தான் முறைக்காரி ஆனேன்."

வேலுமணி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆகிவிட்டது. "மனு போட்டவரு இறந்துட்டாரு. இனிமே இது வாரிசு மனுவாப் போவும். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தாதான் மேல நகரும். அம்மா ஒண்ணு. தம்பி ஒண்ணு." ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஜெயப்பிரகாஷ் பக்கம் தள்ளினார். அதன்மேல் பேனாவை வைத்தார். "எழுதறியா? இல்ல ஆட்சேபணை இருக்கா?"

"அவசரப்படாதடா," என்றார் சித்தப்பா காதோரமாக.

ஏழு வயதிலிருந்து தாம்பாளம் ஏந்திய கை, பேனாவை எடுத்தது. மூடியைத் திறந்தது. அக்காவைப் பார்த்தான். காலையிலிருந்து அவனுக்காக ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைந்தவள், அப்பா போட்டோ வாங்கிய அந்த நாளைப் போலவே எதுவும் புரியாமல் நின்றிருந்தாள்.

"ஒனக்கு இது வேணுமாக்கா?"

சத்யா மேஜையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். நாலு, நாலு, சைபர், ஆறு. நம்பர் சரியாக இருந்தது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

"தெரியலடா," என்றாள். "ஆனா இந்தத் தடவ நான் படிச்சிட்டுத்தான் சொல்லுவேன்."

அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவன் சட்டைப் பையிலேயே செருகினாள். பிறகு ரைட்டரிடம் திரும்பி, அப்பாவின் மனுவுக்காகக் கையை நீட்டினாள்.